பெடல் இறுகும் காரும் "எல்லாம் நார்மல் சார்" என்ற பதிலும்

"செக் பண்ணிட்டோம் சார், எல்லாம் நார்மலா இருக்கு."

பிரேக் பிடிக்காத வண்டியைக் காலையில் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, மாலையில் சாவியைத் திரும்ப வாங்கும்போது இதைக் கேட்டால் வரும் கோபம் சாதாரணக் கோபம் அல்ல. ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னல் கண்ணாடி இறங்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக் அப்படியா? அதே வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். என் கார் விஷயத்தில் இந்தப் பதில் எப்படி வந்தது, உண்மையான காரணம் எப்படிப் பிடிபட்டது, மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதை எழுதி வைக்கிறேன். கம்பெனியின் பெயரையோ சர்வீஸ் சென்டரின் பெயரையோ சொல்லப்போவதில்லை. டீசல் வண்டி, எக்ஸ்டெண்டட் வாரண்டியில் இருந்தது என்பது போதும்.

நாங்கள் இருப்பது பொள்ளாச்சியில். மனைவியின் ஊர் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட். ஆழியாறு தாண்டினால் மேலே போக 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. தொல்லையெல்லாம் இறக்கத்தில்தான், அதுவும் எல்லா இறக்கத்திலும் இல்லை. முன்னால் பஸ்ஸோ லாரியோ போய்க்கொண்டிருக்கும். அடுத்தடுத்து பிரேக் மிதிக்க வேண்டியிருக்கும். முதல் மிதி சரியாக இருக்கும், இரண்டாவதும் சரி. அடுத்ததில் பெடல் கல்லாகிவிடும். கால் அழுத்திய இடத்திலேயே நிற்கும், கீழே போகாது. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

மோசமான நாள் ஒன்று உண்டு. வளைவுக்குச் சற்று முன்னால் இப்படி இறுகியது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே நெம்புகோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்க ஓரமாக நிறுத்தினேன். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து நிமிடம் கழித்து இன்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி மிருதுவாக இறங்குகிறது! இதுதான் அந்தக் குறையின் பெரிய கொடுமை. காட்டிக்கொடுக்க வேண்டிய நேரத்தில் ஒளிந்துகொள்ளும்.

சர்வீஸ் சென்டரில் முதல் தடவை பிரேக் பேடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பிரேக் ஆயிலை மாற்றினார்கள், பில் போட்டார்கள். குறை அப்படியே இருந்தது. அடுத்த முறை ஸ்கேனர் மாட்டி, எரர் கோடு எதுவும் இல்லை என்றார்கள். டெஸ்ட் டிரைவ் என்று ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே சமதள ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார்கள். அட்வைசர் இளைஞர், மரியாதையானவர். "சார், மலையில இறங்குறப்ப பிரேக் சூடாகும். லோ கியர்ல வாங்க, பிரேக்கையே நம்பாதீங்க" என்றார். லோ கியரில்தான் வருகிறேன் என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை விளக்கியாக வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் பேடும் டிஸ்க்கும் அளவுக்கு மேல் சூடாகி, பிடிமானம் குறையும். அப்போது கருகல் வாசனை வரும். பெடல் வழக்கமான அளவுக்கு இறங்கும், ஆனால் வண்டி நிற்காது. ஆறவிட்டால்தான் சரியாகும், அதற்கு நேரம் பிடிக்கும். பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் கதை வேறு. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தபின் 140. ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் மெத்தென்று தரைவரை போகும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

என் வண்டியில் கருகல் வாசனை இல்லை. பெடல் மெத்தென்று போகவும் இல்லை. நேர்மாறாக இறுகியது, சற்று நேரம் மிதிக்காமல் விட்டால் தானே சரியானது. இந்த மூன்றையும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கவுண்டரில் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வண்டியை விடும்போது குறைகளைக் குறித்துக்கொள்ளும் சீட்டான ஜாப் கார்டில் என்ன எழுதியிருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து பார்த்தபோது வயிறு எரிந்தது. "பிரேக் செக்கப்." அவ்வளவே. அதைக் கையில் வாங்கும் டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்? இறுகுகிறதா, இறங்குகிறதா, சத்தம் வருகிறதா, இழுக்கிறதா? எதுவும் தெரியாது. அவர் பேடின் கனம் பார்ப்பார், ஆயில் அளவு பார்ப்பார், இரண்டு மிதி மிதிப்பார், நார்மல் என்று டிக் அடிப்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

அடுத்த முறை நானே சொற்களைத் தயாராக எழுதிக்கொண்டு போனேன். "இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இறக்கத்தில் அடுத்தடுத்து மிதித்தால் பெடல் இறுகுகிறது, வண்டி நிற்பதில்லை. சில நொடிகள் விட்டால் சரியாகிறது. சமதளத்தில், குளிர்ந்த இன்ஜினில் வருவதில்லை." கம்ப்யூட்டரில் தேர்வு செய்யும் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது என்றார் அட்வைசர். ரிமார்க்ஸ் என்ற இடத்தில் இதை அப்படியே டைப் செய்யும்வரை சாவியைத் தரமாட்டேன் என்றேன். செய்தார். அன்று மாலையும் "நார்மல்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் என் குறை முதல் முறையாக எழுத்தில் ஏறியிருந்தது. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது "திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்பார்கள் அல்லவா? கையெழுத்துக்கு மேலே "பிரேக் குறை தீரவில்லை" என்று பேனாவால் எழுதிப் போட்டேன். பிற்பாடு எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது அந்த ஒரு வரிதான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பொள்ளாச்சியில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக். என் மைத்துனர் கூட்டிப்போனார். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, "பிரேக்கு கெடலீங்க. பிரேக்குக்கு ஒத்தாசை பண்றதுதான் கெட்டிருக்குதுங்க" என்றார்.

அவர் சொன்ன ஒத்தாசை பூஸ்டர். பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம், பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பின்னால், உருண்டையான கறுப்பு டப்பா ஒன்று இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் இருக்கும். நாம் மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து சவ்வைத் தள்ளும். நம் கால் போடும் விசையைப் பல மடங்காக்குவது அந்தத் தள்ளல்தான். சாதாரண பெட்ரோல் வண்டியில் இந்த வெற்றிடம் இன்ஜின் காற்று உறிஞ்சும் பாதையிலிருந்தே கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அது போதாது என்பதால் தனியாக வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். பம்பிலிருந்து பூஸ்டருக்கு ஒரு ஹோஸ், அதாவது ரப்பர் குழாய் போகும். வெற்றிடம் திரும்பி வடிந்துவிடாமல் இருக்க வழியில் ஒரு செக் வால்வு. இன்ஜின் நின்றுபோனாலும் பூஸ்டருக்குள் இரண்டு மூன்று மிதிக்கு ஆகும் கையிருப்பு இருக்கும். அது தீர்ந்தால் பெடல் கல்லுதான்.

"வண்டிய நல்லா ஒரு ஓட்டு ஓட்டி சூடா கொண்டாங்க" என்று அனுப்பினார். திரும்பி வந்ததும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜை மாட்டினார். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்க, பெடலை அடுத்தடுத்து மிதிக்கச் சொன்னார். முதல் மிதியில் முள் இறங்கியது. நல்ல வண்டியில் அது உடனே மேலேறிவிட வேண்டும். இதில் மெல்ல மெல்ல ஏறியது. அது ஏறி முடிப்பதற்குள் மறுபடி மிதித்தால் இன்னும் கீழே. நான்காவது மிதியில் பெடல் இறுகியது. மலையில் என் காலுக்குத் தெரிந்த அதே இறுக்கம், பொள்ளாச்சியில் ஒரு ஷெட்டுக்குள், கேஜின் முள்ளோடு சேர்ந்து கண்ணெதிரே தெரிந்தது. அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் நான் சொன்னது பொய்யில்லை.

பிறகு ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிசுபிசுப்பாக, தளர்ந்து இருந்தது. வேக்குவம் பம்புக்குள் இன்ஜின் ஆயில்தான் மசகு. பம்பின் உள்ளே சீல் தேய்ந்ததால் ஆயில் ஆவி ஹோஸுக்குள் போய், உட்புற ரப்பரை ஊறவைத்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது ஹோஸ் விறைப்பாக நிற்கும். சூடானதும் இளகி, வெற்றிடத்தின் இழுப்பில் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதை அடைபட்டுவிடும். டவுனில் ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் இடைவெளி கிடைப்பதால் பூஸ்டர் மெதுவாக நிரம்பிவிடுகிறது, குறை தெரிவதில்லை. இறக்கத்தில் அந்த இடைவெளியே இல்லை. சர்வீஸ் சென்டரின் ஒரு சுற்று டெஸ்ட் டிரைவில் இது ஒருநாளும் வந்திருக்காது. ஸ்கேனரிலும் வராது, ஏனென்றால் என் மாடலில் பூஸ்டர் வெற்றிடத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. சென்சார் இல்லாத இடத்தில் எரர் கோடு எங்கிருந்து வரும்?

ஹோஸை அவரே மாற்றித் தந்திருக்கலாம். மாற்றவில்லை. "வாரண்டி இருக்குதில்லீங்க? நான் கை வெச்சா, வெளிய வேலை பாத்திருக்கீங்கன்னு தட்டிக் கழிச்சிருவாங்க. வீடியோ எடுத்துக்குங்க, அங்கயே கொண்டுபோயி இதே மாதிரி மாட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்படியே செய்தேன். இந்த முறை அட்வைசரிடம் பேசவில்லை, ஒர்க்ஸ் மேனேஜரைக் கேட்டேன். வீடியோவையும், பழைய ஜாப் கார்டுகளையும், "குறை தீரவில்லை" என்று எழுதிய தாளையும் மேசையில் வைத்தேன். வண்டியைச் சூடாகவே கொண்டு போயிருந்தேன். அவர்களிடமும் கேஜ் இருந்தது. மாட்டினார்கள், அதே முள், அதே இறக்கம். பிறகு பேச்சு மாறியது. ரப்பர் ஹோஸ் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். ஹோஸ் கெட்டதற்குக் காரணம் பம்ப், பம்ப் வாரண்டியில் வரும் என்றேன். பம்பை இலவசமாகவும், செக் வால்வோடு சேர்ந்த ஹோஸைக் காசுக்கும் மாற்றினார்கள். அந்தக் காசு எனக்குப் பொருட்டில்லை. இறுகும் பெடலோடு என் குடும்பத்தைத் திரும்பத் திரும்ப மலைக்கு அனுப்பியதற்கு ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

கழற்றிய பழைய ஹோஸைக் கேட்டேன். வாரண்டி வேலையில் மாற்றிய பாகங்கள் கம்பெனிக்குத்தான் போகும் என்று பம்பைத் தரவில்லை. காசு கொடுத்து மாற்றிய ஹோஸ் என்னுடையது, அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பம்பின் பாகம் எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பூஸ்டர் போனால் என்ன, பலமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும்தானே என்று அங்கே ஒருவர் சொன்னார். பிடிக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில்? பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 13-எச் பிரேக் விதி இதற்குத் தெளிவான எண் வைத்திருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார், சாதாரண பிரேக்கில் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பிரேக் அமைப்பில் ஒரு பகுதி செயலிழந்த நிலைக்கு வைத்திருக்கும் வரம்பு 168 மீட்டர். இரண்டுக்கும் பெடல் மேல் போடலாம் என்று அனுமதித்திருக்கும் விசை அதிகபட்சம் 500 நியூட்டன், ஏறக்குறைய 50 கிலோ எடை. ஒல்லியான ஒருவரோ, வயதான ஒருவரோ பதற்றத்தில் அவ்வளவு விசையைப் போட முடியுமா? என் மனைவி அந்த வண்டியைத் தனியாக ஓட்டிப் போன நாட்கள் இருக்கின்றன.

ஓட்டும்போது இப்படி ஆனால் என்ன செய்வது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் இரண்டு குறைகளுக்கு இரண்டு எதிரெதிரான வைத்தியம். பெடல் இறுகினால் பம்ப் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை காலை எடுத்து மிதிக்கும்போதும் மிச்சமிருக்கும் வெற்றிடம் செலவாகும். காலை எடுக்காமல், சீட்டில் முதுகை அழுத்தி முழு பலத்தோடு ஒரே மிதியாக மிதியுங்கள், தேவைப்பட்டால் இரண்டு கால்களாலும். பெடல் இறங்கித் தரைக்குப் போனால் அப்போதுதான் வேகமாகப் பம்ப் செய்ய வேண்டும். ஆயில் அழுத்தம் கொஞ்சம் திரும்பலாம். இரண்டிலும் கியரை ஒவ்வொன்றாகக் குறைக்கவும். ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் பட்டனை அமுக்கியபடி படிப்படியாக இழுக்கவும், இல்லையென்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். எந்தக் காரணத்துக்காகவும் இன்ஜினை ஆஃப் செய்யாதீர்கள், நியூட்ரலில் போடாதீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் மலையிறங்குபவர்களை இன்னும் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. இன்ஜினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை. அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு நிறுத்திச் சில நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதியே கல்லாக இருந்தால் செக் வால்வோ சவ்வோ கசிகிறது. மூன்றாவது சோதனை வேறு குறைக்கு: இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அளவில் அழுத்திப் பிடித்திருங்கள். வெளியே ஆயில் கசிவு எதுவும் இல்லாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பெடல் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றைக் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் செய்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் செய்யுங்கள். என் வண்டி குளிர்ந்த நிலையில் எல்லாவற்றிலும் தேறியது.

சர்வீஸ் சென்டர் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால்? முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில், ஜாப் கார்டு எண்களோடு. அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான பொருளுக்கு 200 ரூபாய்தான். குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் உற்பத்தியாளரையே பொறுப்பாக்கும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். வாயால் சொன்னதை ஆணையத்தில் காட்ட முடியாது.

இன்னொரு வழியைப் பலர் அறிந்திருக்கவில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன, 7 ஆண்டுக்குள் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். உரிமையாளர்கள் அரசின் பரிவாகன் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். ஒரு மாடலின் விற்பனைக்கு ஏற்ப நிர்ணயித்த எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் விசாரணை நடக்கும்.

கம்பெனிகள் தாமாகவே அழைப்பதும் உண்டு. பின்சக்கர பிரேக்கில் உள்ள 'பின்' (pin) என்ற சிறு பாகத்தில் குறை இருக்கலாம் என்று 2022 அக்டோபரில் மாருதி சுசூகி 9,925 வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு ஜூனில் மெர்சிடிஸ் பென்ஸ் பிரேக் பூஸ்டர் துருப்பிடிக்கும் அபாயத்துக்காக உலகம் முழுக்க பத்து லட்சத்தை ஒட்டிய பழைய வண்டிகளை அழைத்தது, சோதனை முடியும்வரை ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. பூஸ்டர் என்பது "நார்மல் சார்" என்று கடந்துபோகும் பாகமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் மெயிலுக்குக் கம்பெனியிடமிருந்து நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது. இதே பம்பும் ஹோஸும் உள்ள மற்ற வண்டிக்காரர்களுக்குத் தகவல் கொடுத்தீர்களா என்ற என் கேள்விக்கு அதில் விடை இல்லை. திரும்பக் கேட்டிருக்கிறேன். பரிவாகன் தளத்திலும் பதிவு செய்துவிட்டேன். டீசல் வண்டியில் இப்படிப் பெடல் இறுகிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், ஹோஸை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாலும் சரி, ஜாப் கார்டைத் தேடி எடுத்து நீங்களும் பதிவு செய்யுங்கள். அங்கே எண்ணிக்கைதான் பேசும்.